குஞ்சம்மாளின் இங்கிலீஷ் பேப்பர்

குஞ்சம்மாளின் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. மில்லில் வேலை செய்தவள்தானே, மிஷினில் மாட்டியிருக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மிஷின் பாவம், அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்த விரலை உடைத்தவன் என் கூடப் பிறந்த அண்ணன் கிருஷ்ணசாமி. டி.வி.யில் பாடம் பார்க்க வந்தவளை அவன் அப்படிச் செய்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

என் பெயர் தையல்நாயகி. எனக்கு வாய் அதிகம் என்று முத்தியால்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிகம்தான். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டு மூலையில் படுத்து, மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தவள் நான். வாயும் இல்லாமல் போயிருந்தால் என்னை என்றைக்கோ மென்று துப்பியிருப்பார்கள்.

குஞ்சம்மாளும் நானும் ரீலிங் செக்‌ஷன். பாபினிலிருந்து நூலைச் சிட்டமாகச் சுற்றிப் போடுகிற வேலை. அங்கே எல்லாரும் பெண்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த மிஷின். அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். என் வீடு இந்தப் பக்கம், ஊர்த்தெருவில். மில் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவள் என்னை "அடியே தையலு" என்பாள், நான் அவளை "சொல்லுடி குஞ்சு" என்பேன். சங்கு ஊதி வெளியே வந்து எங்கள் தெருமுனையைத் தொட்டதும், அவளுக்கு நான் "வாங்கம்மா, போங்கம்மா". இதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நாக்கு தானாகக் கழற்றிக்கொள்ளும்.

அவளுடைய அப்பா கண்ணையன் அதே மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டினவர். மகளை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கவைத்துவிட்டு, இருமி இருமியே செத்தார். காலேஜுக்குப் போகவேண்டிய வயதில் அவள் ரீலிங் மிஷின் முன்னால் வந்து நின்றாள். எழுபத்தேழாம் வருஷ வாக்கில் ஒரு நாள், மிஷின் இரைச்சலுக்கு மேலே என் காதில் கத்தினாள்.

"அடியே தையலு! தபால்லயே காலேஜ் படிக்கலாமாம்டி! நாம எங்கியும் போவ வேணாம். காலேஜே வூட்டுக்கு வந்துடுமாம்!"

வந்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. தபால்காரர் வாய்க்காலைத் தாண்ட மாட்டார். காலனிக்கு வருகிற கடுதாசியையெல்லாம் எங்கள் தெருமுனையில் இருந்த நாராயணசாமியின் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார். வேண்டுமென்கிறவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது காலகாலமாக நடந்துவந்த ஏற்பாடு. பி.யூ.சி. பாடமெல்லாம் அப்படித்தான் பாதி வந்தும் பாதி வராமலும் அவள் படித்து முடித்தாள். பி.ஏ. வரலாறு சேர்ந்த பிறகு ஒரு நாள் நான் அந்தக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் படிந்து, அச்சடித்த இங்கிலீஷ். ஒரு மூலையில் குஞ்சம்மாள் என்று பேனாவால் எழுதியிருந்தது.

மறுநாள் மில்லில் அதைக் காட்டினேன். அவள் ஷிப்டு முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போய் வெளியே நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அய்யா, எம்பேருக்குக் கவரு வந்துச்சுங்களா?"

நாராயணசாமி ஜல்லிக்கரண்டியால் பஜ்ஜியைப் புரட்டிக்கொண்டே சிரித்தான். "அந்தக் காயிதமா? நல்லா எண்ணெ இழுக்குது, இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு."

கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். குஞ்சம்மாள் காலைத் தூக்கி அடுப்பை ஓர் உதை உதைத்தாள். சட்டி கவிழ்ந்து கொதிக்கிற எண்ணெய் தரையில் ஓடியது. நாராயணசாமியின் பாதம் கணுக்கால் வரைக்கும் வெந்துபோயிற்று. அவன் அலறிக்கொண்டே அதே ஜல்லிக்கரண்டியால் அவள் முதுகில் மாறி மாறிப் போட்டான். சூடான இரும்பு, ரவிக்கையோடு தோலும் வந்தது. அடி விழ விழ அவள் குனிந்து, பெஞ்சுக்கடியில் அடுக்கியிருந்த மிச்சக் காகிதத்தை எல்லாம் பொறுக்கிக்கொண்டுதான் நிமிர்ந்தாள். தபால்காரரைப் பிடித்து, "இனிமே அவ கவரு எங்கையில வரணும். இல்லேன்னா உன் சைக்கிள் வாய்க்கால்ல கெடக்கும், நீயும் கூட கெடப்ப" என்றேன். அன்று முதல் அவள் காலேஜ் என் சாப்பாட்டுப் பையில்தான் மில்லுக்குள் போனது.

அவள் வீட்டிலும் ஒரு சண்டை இருந்தது. அவள் புருஷன் முருகையன், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். நல்லவன்தான், சாராயக்கடை திறக்கிறவரைக்கும். குடித்துவிட்டு வந்தால் அவள் மண்டையைப் பிடித்துச் சுவரில் மோதுவான். காலையில் வீங்கின நெற்றியோடு மில்லுக்கு வருவாள். கேட்டால் "தூங்கிட்டே படிச்சேன்டி, சுவத்துல முட்டிக்கிச்சு" என்பாள். ஒரு சாயங்காலம் அவன் குளிக்க வெந்நீர் போட, ஒரு வருஷத்துப் பாடத்தை மொத்தமாக அடுப்பில் வைத்தான்.

"புருஷன் குளிக்கத் தண்ணி கெடையாது, இவளுக்கு பி.ஏ. கேக்குது!"

எரிந்துகொண்டிருந்த விறகை உருவி அவள் அவனை அடித்தாள். தோளில், முதுகில், குறுக்கே நீட்டின கையில். அவன் வேட்டி அவிழ்ந்து தெருவில் ஓட, அவள் துரத்திக்கொண்டு ஓடி அடித்தாள். அவன் காறை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. இதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவள் மண்டை சுவரில் மோதின வருஷங்களில் ஒரு ஆள் வந்து நியாயமா என்று கேட்கவில்லை. அவன் அடிபட்ட மறுநாள் காலனியே கூடிப் பஞ்சாயத்து வைத்தது. அதற்குப் பிறகு முருகையன் அவளை அடிக்கவும் இல்லை, புத்தகத்தைத் தொடவும் இல்லை. தரையில் ஒரு நோட்டு கிடந்தால் சுற்றிக்கொண்டு போவான்.

எரிந்த வருஷத்தை அவள் திரும்பப் படித்தாள். வரலாறு எல்லாம் தேறினாள். தமிழ் தேறினாள். இங்கிலீஷ் மட்டும் போனது. மறுபடி எழுதினாள், மறுபடி போனது. கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் அதே பேப்பர் அவளைக் கீழே இழுத்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பக்கத்து ஊரில் சனி ஞாயிறு வகுப்பு என்று கவரில் எழுதி வரும். அந்த நாளில் ஷிப்டு இருக்கும். காதால் இங்கிலீஷைக் கேட்காமலே கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்தில் இரண்டு சேதி சேர்ந்து வந்தது. ரீலிங்கை மூடப்போகிறோம், பெண்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பப்போகிறோம் என்று மில்லில் அறிவித்தார்கள். யூனியன் ராமலிங்கம் மல்லுக்கட்டி ஒன்றே ஒன்றை வாங்கினார்: டிகிரி இருக்கிற பெண்ணை, ஆள் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீசில் கிளார்க்காக எடுத்துக்கொள்வார்கள். ரீலிங்கில் டிகிரிக்குப் பக்கத்தில் நின்றவள் குஞ்சம்மாள் ஒருத்திதான். இன்னொரு சேதி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அவள் சேர்ந்து காலம் கடந்துவிட்டது, வருகிற டிசம்பர்தான் கடைசி. அதில் இங்கிலீஷ் போனால் தேறின பேப்பரும் செல்லாது, எல்லாம் போச்சு.

"ஒரே பேப்பருடி. அது இருந்தா நாற்காலி, இல்லேன்னா தெரு" என்றாள்.

அந்த வருஷம்தான் எங்கள் வட்டாரத்துக்கு டி.வி. வந்தது. பொது ஜனங்கள் பார்க்க மேரியில் இருந்து கொடுத்தது. முனிசிபல் ஆபீசை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி மேரி என்றே சொல்வார்கள். கரண்டும் பூட்டும் இருக்கிற பொதுக் கட்டடம் என்று பார்த்து, ஊர்த்தெரு பஜனை கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தர்மகர்த்தா ஜானகிராமன் அதற்கு மரப்பெட்டி அடித்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் கற்பூரம் காட்டித்தான் பெட்டியைத் திறப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஜனமும் உண்டு. காலனி ஜனம் கோயிலுக்குள் வரக்கூடாதே. அதுகள் தெற்கு ஜன்னலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நின்று, கம்பிக்கு நடுவே பார்த்துக்கொள்ளும்.

டி.வி.யில் காலேஜ் பாடமும் வருகிறது, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை, எல்லாம் இங்கிலீஷில் என்று குஞ்சம்மாளுக்குச் சேதி எட்டியது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜானகிராமன் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் நின்று கேட்டாள்.

"ஜன்னலாண்ட நின்னுதாங்க பாக்கப்போறேன். பெட்டிய மட்டும் தெறந்து வெச்சா போதும் அய்யா."

"தெனம் தெறந்தா பிக்சர் ட்யூப்பு தேஞ்சிடும்மா. அப்புறம் ஞாயித்துக்கெழம படத்துக்கு எங்க போறது?"

"இங்கிலீஷ் பாடம் ஓடினா தேயும், தமிழ்ப் படம் ஓடினா தேயாதுங்களா?"

ஜானகிராமனுக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. ஆனால் தெருவே அதை நம்பியது. ட்யூப் என்பது சோப்புக்கட்டி மாதிரி, பார்க்கப் பார்க்கக் கரையும் என்று என் அண்ணன் சத்தியம் பண்ணுவான். காலாப்பட்டுப் பக்கம் யுனிவர்சிடியே வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம். ஊருக்கு யுனிவர்சிடி வரலாமாம், ஒருத்திக்கு அரைமணி டி.வி. கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் மில் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேரிக்கே போனேன். பொதுப் பெட்டி, பாடத்துக்குத் திறந்தே ஆகவேண்டும் என்று அங்கிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் ஜானகிராமன் இறங்கிவந்தார். அதுவும் எப்படி? தெருப் பெண் ஒருத்திதான் பெட்டியைத் தொடவேண்டும், கற்பூரம் காட்டித்தான் திறக்கவேண்டும். சரி என்று நானே தினம் கற்பூரம் காட்டி டி.வி.யைத் திருகினேன். எந்த சாமி அதை ஏற்றுக்கொண்டதோ!

மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் ஓட்டமாக ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எரிமலையோ இருதயமோ பொருளாதாரமோ, எது வந்தாலும் பார்ப்பாள். பாடம் அவளுக்கு முக்கியம் இல்லை, பேச்சுதான் முக்கியம். உதடு அசைந்துகொண்டே இருக்கும். முதலில் ஒரு வார்த்தை பிடிபட்டது: ஹவ்எவர். அதை வைத்துக்கொண்டு மில்லில் பண்ணின அட்டகாசம் கொஞ்சமில்லை. "ஹவ்எவர், மேஸ்திரி வர்றான்டி." "ஹவ்எவர், இன்னிக்கிக் கொழம்புல உப்பு இல்ல." போகப் போக வார்த்தைகள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் சொன்னாள், அவளே கட்டியது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எனக்கு அர்த்தம் புரியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

தெரு அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. சாக்கடை ஓரம் அவள் நிற்கிற இடத்தில் பீங்கான் சில்லு போட்டுவைத்தார்கள். மலம் அள்ளிப் போட்டார்கள். அவள் சாக்கை விரித்து நின்றாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் நல்ல மழை. கோயில் முன்னால் போட்டிருந்த தகரக் கொட்டகையில் விழுந்த மழைச் சத்தத்துக்கு ரீலிங் செக்‌ஷன் இரைச்சலே தோற்றுப்போகும். அன்றைக்கென்று இங்கிலீஷ் எழுதுவது பற்றியே பாடம். ஓர் அம்மா பலகையில் எழுதி எழுதிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியோரம் இருந்தேன். மழைக்கு ஒதுங்கின என் அண்ணன் கிருஷ்ணசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே குஞ்சம்மாள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி காதை உள்ளே நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் என்னைக் கூப்பிட்டுப் பழகின நாக்கு, இரைச்சலைக் கேட்டதும் தெருவை மறந்துவிட்டது.

"அடியே தையலு! சத்தத்தக் கூட்டுடி!"

மழைக்குக் கோயிலில் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அண்ணன் எழுந்தான்.

"எவளப் பாத்துடி 'டி'ன்ற? கோயிலுக்குள்ள உத்தரவு போடறியா?"

ஜன்னல் கதவை அவள் விரல்களின் மேல் ஓங்கிச் சாத்தினான். சுள்ளி ஒடிகிற சத்தம் மழையிலும் கேட்டது. இன்னொரு தடவை சாத்துவதற்காகக் கதவைத் திறந்தான். அந்த நொடியில் அவள் வலது கையை உள்ளே விட்டு அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவன் முகம் கம்பியில் மோதியது. மறுபடி இழுத்தாள், மறுபடி மோதியது. மூக்கு உடைந்து, கம்பித் துருவும் ரத்தமும் ஒன்றாக வழிந்தது. நான் அவனைக் காப்பாற்றப் போகவில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் கூச்சலிட்டார்கள்.

தெரு ஆம்பளைகள் வெளியே ஓடி, அவளைக் கூந்தலைப் பிடித்துத் தரதரவென்று நடுத்தெருவுக்கு இழுத்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். எண்ணெய் பட்ட பாதம் ஆறின நாராயணசாமியும் வந்து, அந்தக் காலாலேயே மிதித்தான். நான் ஒருத்தன் தோளைக் கடித்துத் தொங்கினேன். என்னைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். அப்போது சாராயக்கடைப் பக்கமிருந்து முருகையன் சவுக்குக் கட்டையோடு வந்தான். தள்ளாடிக்கொண்டுதான் வந்தான், ஆனால் கட்டை தள்ளாடவில்லை.

"எம் பொண்டாட்டி பி.ஏ.டா! பி.ஏ.! எவன்டா அவ மேல கைய வெச்சது?"

அவள் இன்னும் வாங்காத பட்டத்தை அவன்தான் முதலில் தெருவில் கத்தினான். ஒருத்தன் முட்டி பெயர்ந்தது, இன்னொருத்தன் கை தொங்கியது. பிறகு ஒரு சோடா பாட்டில் பறந்துவந்து அவன் முகத்தில் வெடித்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் உட்கார்ந்தான். விரலிடுக்கில் கொழகொழவென்று இறங்கியதை நான் பார்த்தேன், இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

காலனி வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டது. கல்லும் கட்டையும் பாட்டிலும். மாடியில் இருந்து எங்கள் தெருப் பெண்கள் மிளகாய்த்தூள் கரைத்து ஊற்றினார்கள். அந்த அமளியில் காலனி ஆட்கள் சிலர், "கவுருமென்ட்டு டி.வி.டா! எல்லாருக்கும் குடுத்தது! வெளியில கொண்டாந்து வெப்போம்!" என்று கோயிலுக்குள் ஏறினார்கள். அவர்கள் கால் அந்தப் படியில் பட்டது அதுதான் முதல் தடவை. ஜானகிராமன் தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். அண்ணன் உடைந்த மூக்கோடு கடப்பாரையைத் தூக்கினான். அவர்கள் மேல் வீசப்போகிறான் என்று நினைத்தேன்.

"எங்களுக்கு இல்லாதது எவனுக்கும் கெடையாது!"

கடப்பாரை டி.வி.க்குள் இறங்கியது. பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி ட்யூப் வெடித்தது. தேயும், தேயும் என்று பொத்திப் பொத்தி வைத்த ட்யூபை ஒரே குத்தில் தேய்த்து முடித்தான் பாவி. கண்ணாடித் தூள் கோயில் பூராவும் பறந்தது. அப்புறம் யாருக்கும் அடிக்கத் தோன்றவில்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அத்தனை அடி வாங்கும்போதும் அழாத குஞ்சம்மாள், தெருவில் உட்கார்ந்தபடி திறந்த கதவு வழியாக அந்த ஓட்டைப் பெட்டியைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

சிவப்புத் தொப்பிப் போலீஸ் வந்து காலனி ஆட்களை மட்டும் ஏற்றியது. கோயிலுக்குள் புகுந்து சர்க்கார் டி.வி.யை உடைத்தார்கள் என்று ஜானகிராமன் எழுதிக்கொடுத்தார். முதல் பேர் குஞ்சம்மாள். முருகையனைப் பெரியாஸ்பத்திரியில் போட்டார்கள். மறுநாள் காலையில் நான் ராமலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது, விரலைப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாள். பரீட்சை இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு கான்ஸ்டபிள் அறைந்திருக்கிறான்.

என்னைப் பார்த்ததும், "ஹால் டிக்கெட்டு அரிசிப் பானையில கெடக்குது. எடுத்தாந்துடுடி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தத் தெரு?"

"ஊர்த்தெரு."

"அப்புறம் இவளுக்கு இன்னாத்துக்கு வக்காலத்து?"

"டி.வி.ய ஒடச்சது எங்கண்ணன் கிருஷ்ணசாமி. கடப்பாரையால குத்துனான். நான் கையெட்டுற தூரத்துல நின்னேன். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். எழுதமாட்டீங்கன்னா மேரியில போய்ச் சொல்றேன், அவுங்க பெட்டிதான அது."

அவருக்கு இஷ்டமில்லை, மூன்று மணி வரைக்கும் இழுத்தடித்தார். ஆனால் அதற்குள் ஷிப்டு முடிந்த மில் பெண்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுதினார். நாளைக்குக் காலையில் ராமலிங்கத்தின் ஜாமீனில் விடுகிறேன் என்றார்.

வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. அண்ணன் கதவுத் தாழ்ப்பாள் கட்டையை எடுத்து என் வாயில் அடித்தான். "இந்த வாய்தான பேசுச்சு?" முன்பல் இரண்டும் நாக்கில் வந்து விழுந்தன. அவன் மணிக்கட்டை மிச்சப் பல்லால் கவ்வி, எலும்பு தட்டுகிறவரைக்கும் விடவில்லை. அண்ணி பார்வதி என் டிரங்குப் பெட்டியைத் தெருவில் எறிந்தாள். அண்ணன் அன்றைக்கே சேதராப்பட்டில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போய்ப் பதுங்கினான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, குஞ்சம்மாள் வீட்டு அரிசிப் பானையில் கையை விட்டு ஹால் டிக்கெட்டைத் தேடினேன்.

பரீட்சை அன்று காலையில் அவளை விட்டார்கள். ரிக்‌ஷாவில் ஏற்றி நேராகக் கடற்கரைப் பக்கத்துக் காலேஜுக்குக் கொண்டுபோனோம். ரத்தம் காய்ந்த புடவையோடு நின்றவளைப் பார்த்து ஹால் சூப்பரின்டென்டென்ட் மிரண்டுபோனார்.

"என்னம்மா இது கோலம்?"

அவள் நிமிர்ந்து, "ஃபால், சார். ஹவ்எவர், ஐ ரைட்" என்றாள். அவர் வழிவிட்டார்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பல் இருந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தேன். மூன்று மணிநேரமும் ஜன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது. ஒருதரம்கூட அது நிமிரவில்லை.

முருகையனுக்கு வலது கண் போய்விட்டது. கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, இரண்டு பக்கமும் சமாதானம் என்று எழுதி ஒன்றுமில்லாமல் போயிற்று. கோயிலுக்கு வேறு டி.வி. வரவில்லை. தெருவில் வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். ரீலிங்கை மூடினார்கள், எங்களையெல்லாம் அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்த அன்று நான் மார்க்கெட் பக்கம் எடுத்திருந்த வாடகை அறைக்குக் குஞ்சம்மாள் வந்தாள். பாஸ். டைம் ஆபீசில் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன், ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தேன், டப்பாவில் இருந்த சர்க்கரையை அள்ளி அவள் வாயில் போட்டேன்.

"பெரிய கட்டுரை ஒண்ணு எழுதணும்னியே, எதைப்பத்திடி கேட்டிருந்தான்?"

"டெலிவிஷனின் பயன்கள்."

"அடி சக்கை! சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கான். போட்டுக் கிழிச்சியா? ஜன்னல், சாக்கட, கடப்பார, எல்லாத்தையும் எழுதினியா?"

"இல்ல."

"பின்ன?"

"பஜார்ல விக்கற கைடுல ஒரு கட்டுர இருக்குது. முழுசா மனப்பாடம். அதை அப்படியே எழுதினேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கட்டுரையைத் தமிழில் எனக்குச் சொன்னாள். டெலிவிஷன் ஏழை பணக்காரன் என்று பார்ப்பதில்லை. மேலோர் கீழோர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. அது ஒவ்வொரு குடிமகன் வீட்டு வாசலுக்கும் கல்வியைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "அடிப்பாவி! உன் புருஷன் கண்ணு போச்சு. எம் பல்லு போச்சு. ரத்தம் காயாத கைய வெச்சிக்கிட்டு இந்தப் பொய்யயா எழுதின? உண்மைய எழுதறதுக்கு உனக்கு இன்னாடி கேடு?"

அவள் சர்க்கரையை விழுங்கினாள். கோபமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"பொய்ய மனப்பாடம் பண்ணிட்டா போதும்டி. உண்மைய நானேதான் இங்கிலீஷ்ல கட்டி எழுதணும். அந்த அளவுக்கு நான் கத்துக்கறதுக்குள்ள பொட்டிய ஒடச்சிட்டீங்களே."